பிற்பகல் 2.22

திரையில் ஒரு கோடு. இடமிருந்து வலமாகத் தட்டையாகப் போகிறது. வர்ஜின் ஆற்றின் வடகிளையில் ஓடும் தண்ணீரின் அளவு அது. விநாடிக்கு 55 கன அடி.

பிறகு கோடு நிமிர்கிறது. 2,630 கன அடி. இரண்டு எண்களுக்கும் நடுவே 15 நிமிடம்.

இடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸயான் தேசியப் பூங்கா. நாள், 2015 செப்டம்பர் 14. திங்கள்கிழமை.

வெள்ளம் வடிந்ததும் வானிலைக்காரர்கள் நேரங்களைக் கோக்கத் தொடங்குகிறார்கள். எது எப்போது தெரிந்தது. யார் எப்போது சொன்னார்கள். தண்ணீர் எப்போது வந்தது. மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கிறார்கள்.

*

காலை 7.40. பூங்காவின் அனுமதி கவுன்டர். கயிறு கட்டி இறங்கும் கேன்யன், அதாவது குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு, எதற்கும் இங்கே சீட்டு வாங்காமல் போக முடியாது.

கவுன்டரில் அன்றைய வானிலைத் தகவல் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டி வானிலை அலுவலகம் தருவது. திடீர் வெள்ள வாய்ப்புக்கு நான்கு படிகள். முதல் படி, வெள்ளம் எதிர்பார்க்கப்படவில்லை. நான்காம் படி, எதிர்பார்க்கப்படுகிறது. இன்று மூன்றாம் படி.

குழுவின் சார்பில் வந்தவரிடம் ரேஞ்சர் அதைச் சொல்கிறார். போவதும் போகாததும் போகிறவர்களின் முடிவு. அவரவர் பாதுகாப்பு அவரவர் பொறுப்பு என்பது பூங்காவின் நெடுநாள் கொள்கை. சீட்டு கைமாறுகிறது. ஏழு பேர். கீஹோல் கேன்யன்.

ஆறு பேர் கலிஃபோர்னியாக்காரர்கள். ஒருவர் நெவாடா. ஏழு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். சிலருக்குக் கயிற்றில் இறங்குவது புதிது. அன்றைக்குத்தான் அடிப்படைப் பயிற்சி வகுப்பு. முடிச்சுப் போடும் விதம், இடுப்புவாரை இறுக்கும் விதம், கையைப் பின்னால் வைத்துக் கயிற்றை விடும் விதம்.

இந்தப் பாலைநிலத்தின் பருவமழைக் காலத்தில் காலை வானம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். மேகம் பிற்பகலில் திரளும்.

*

கீஹோல், பூங்காவின் கிழக்குப் பக்கம். ஒன்பதாம் எண் நெடுஞ்சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பாறைமேல் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மேலிருந்து பார்த்தால் மணற்பாறையில் ஒரு விரிசல். அவ்வளவுதான்.

உள்ளே சுவர்கள் இரண்டு பக்கமும் தோளை உரசுகின்றன. சில இடங்களில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அடிவரை வெயில் இறங்குவதில்லை. குட்டைகளில் தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர். வெட்சூட் அணிந்து இறங்குகிறார்கள். கயிறு கட்ட வேண்டிய இறக்கங்கள் சிறியவை. பழகியவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் மறுமுனைக்கு வந்துவிடுவார்கள். புதியவர்களுக்கு ஏற்ற கேன்யன் என்று இதற்குப் பெயர்.

ஓர் இறக்கம் முடிந்ததும் கடைசி ஆள் கயிற்றை உருவிக்கொள்கிறார். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு வேண்டும். உருவிய பிறகு வந்த வழியே ஏற முடியாது.

உள்ளே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. படம் எடுக்கலாம்.

*

அதே மாநிலத்தில், சீடர் சிட்டியை ஒட்டிய மலையுச்சியில் ஒரு வெள்ளைக் கோளம். உள்ளே ரேடார் சுழல்கிறது. கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல் அது நிற்கிறது. அங்கிருந்து கிளம்பும் கதிர் போகப் போகத் தரையிலிருந்து இன்னும் விலகுகிறது. மேகத்தின் மேற்பகுதியை நன்றாகப் பார்க்கிறது. கீழே பாறையில் எவ்வளவு விழுந்தது என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சுமார் 360 கிலோமீட்டர் வடக்கே, சால்ட் லேக் சிட்டியில், அந்தக் கணக்கு நிறங்களாக வந்து விழுகிறது. பச்சை. மஞ்சள். சிவப்பு. முன்னறிவிப்பாளர் வரைபடத்தின்மேல் ஒரு பலகோணம் வரைகிறார். 2007 வரை எச்சரிக்கை கவுன்டி எனப்படும் மாவட்டம் முழுவதற்கும் போகும். இப்போது மேகம் இருக்கும் இடத்துக்கும் அது நகரும் திசைக்கும் ஏற்பக் கட்டம் போடுகிறார்கள். ஒரு மூலையை இழுக்கிறார். இன்னொரு மூலையைத் தள்ளுகிறார்.

2.22. திடீர் வெள்ள எச்சரிக்கை வெளியாகிறது.

வானிலை வானொலியில் எந்திரக் குரல் அதை வாசிக்கிறது. எச்சரிக்கை, கோபுரத்துக்கு எட்டும் கைபேசிகளுக்கு அலறலாகப் போகிறது. அதனுடன் 90 எழுத்துகளுக்குள் ஒரு வாசகம். 2015-இல் அதற்குமேல் அனுப்ப வழியில்லை. பூங்காவில் கேன்யன் சீட்டுகள் நிறுத்தப்படுகின்றன.

காலையில் கொடுத்த சீட்டுகள் காலையிலேயே போய்விட்டன.

2.22-க்கும் வெள்ளத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. திடீர் வெள்ளக் கணிப்பில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது.

*

மாலை நாலரை மணிக்கு மேல் மழை கொட்டுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. மண் உள்ள ஊரில் இந்த மழையை மறுநாள் யாரும் பேச மாட்டார்கள்.

இங்கே மண் இல்லை. மழமழவென்ற பாறை. விழுந்த துளியைக் குடிக்க எதுவும் இல்லாததால் அது உருள்கிறது. மேலே பரந்து கிடக்கும் பாறை மேடுகள் எல்லாம் ஒரே விரிசலை நோக்கிச் சரிந்திருக்கின்றன. புனலின் வாய் அகன்றது. கழுத்து தோளளவு.

தண்ணீர் தனியாக வருவதில்லை. மணல், கல், போன வெள்ளம் பாதியில் விட்டுப்போன மரத்துண்டு, எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அகலத்தில் பரவ இடமில்லாத தண்ணீர் உயரத்தில் வளர்கிறது.

நெடுஞ்சாலையோரம் வண்டி நிற்கிறது. மழை விடுகிறது. இருட்டுகிறது. வண்டி அங்கேயே நிற்கிறது.

தேடுபவர்கள் வருகிறார்கள். விரிசலுக்குள் தண்ணீர் இன்னும் ஆளை இறங்க விடவில்லை. காத்திருக்கிறார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை ஏழாவது உடல் கிடைக்கிறது.

*

அதே திங்கள்கிழமை. ஸயானுக்குத் தெற்கே, அரிசோனா எல்லையை ஒட்டி ஹில்டேல் என்ற சிற்றூர். ஊருக்குப் பின்னால் சிவந்த பாறைச் சுவர். அதன் இடுக்குகளிலிருந்து ஓடைகள் இறங்கி ஊருக்குள் வருகின்றன. ஷார்ட் க்ரீக் அவற்றில் பெரியது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் இருக்கும்.

சாலை ஓடையின் படுகையிலேயே இறங்கி ஏறுகிறது. மழை பெய்தால் தண்ணீர் சாலைமேல் போகும். வண்டிகள் நிற்கும். வடிந்ததும் போகும்.

இரண்டு வண்டிகள் வந்து நிற்கின்றன. ஒன்று வேன். ஒன்று எஸ்யூவி. மூன்று பெண்கள். பதின்மூன்று குழந்தைகள். கடவையில் செந்நிறத் தண்ணீர் ஓடுகிறது.

ஓடும் தண்ணீரில் வண்டியை விடாதே, திரும்பிப் போ. அமெரிக்க வானிலைத் துறையின் வெள்ளப் பிரசாரத்தில் பல ஆண்டுகளாக முதலில் வரும் அறிவுரை இது. அந்தப் பெண்கள் வண்டியைத் தண்ணீரில் விடவில்லை. கரையில் நிறுத்துகிறார்கள். வடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

வறண்ட ஊரில் தண்ணீர் ஓடுவதே பார்க்க வேண்டிய காட்சி. பார்க்கிறார்கள்.

மேக்ஸ்வெல் கேன்யன் பக்கமிருந்து இன்னொரு பெருக்கு வருகிறது. முதலாவதைவிடப் பெரியது. கரையில் நிற்கும் இரண்டு வண்டிகளையும் அது எடுத்துக்கொண்டு போகிறது.

மூன்று சிறுவர்கள் உயிரோடு கிடைக்கிறார்கள். பதின்மூன்று பேர் இறக்கிறார்கள்.

அடுத்த நாள்களில் ஓடை நெடுக மனிதர்கள் வரிசையாக நடக்கிறார்கள். சேற்றைக் கம்பால் குத்திப் பார்க்கிறார்கள். மோப்ப நாய்கள் மரக்குவியல்களைச் சுற்றி வருகின்றன. பன்னிரண்டு உடல்கள் கிடைக்கின்றன. ஆறு வயதுப் பையன் ஒருவன் மட்டும் கிடைக்கவில்லை.

எச்சரிக்கை இந்த ஊருக்கும் இருந்தது.

*

எச்சரிக்கைக்கு மதிப்பெண் போடும் முறை எளியது. எச்சரித்த பரப்புக்குள், குறித்த நேரத்துக்குள் வெள்ளம் வந்தால் பலித்தது. வராவிட்டால் பொய்த்தது. எச்சரிக்காமல் வெள்ளம் வந்தால் தவறியது. மூன்று பத்திகள். பக்கத்தில் முன்னவகாசம், நிமிடங்களில்.

பொய்த்தவை பத்தியில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளம் வந்ததற்குச் சாட்சி வேண்டும். நீரளவுக் கருவியோ, ரேஞ்சரோ, சாலைப் பணியாளரோ, யாராவது சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் கேன்யன்கள் பலவற்றில் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. யாரும் பார்க்காத வெள்ளம் வராத வெள்ளமாகவே ஏட்டில் ஏறுகிறது.

பொய்த்தவை நீண்டால் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதைச் சுருக்கப் போனால் தவறியவை நீளும். முன்னறிவிப்பாளர் ஒவ்வொரு மேகத்துக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எடுக்க அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இது எளிய வேலை இல்லை.

2020-இல் கைபேசி அலறலைக் குறைக்கிறார்கள். எல்லாத் திடீர் வெள்ள எச்சரிக்கைக்கும் அலறிய கைபேசிகள், பெருஞ்சேதம் என்று குறியிட்ட எச்சரிக்கைகளுக்கு மட்டும் அலறத் தொடங்குகின்றன. அடிக்கடி அலறினால் மக்கள் அதை அணைத்துவிடுகிறார்கள்.

*

உரிய நேரத்தில் எச்சரிக்கை வராத கேன்யனும் உண்டு. கொலராடோ மாநிலத்தின் பிக் தாம்சன் கேன்யன். 1976 ஜூலை 31. சனிக்கிழமை. மறுநாள் மாநிலத்துக்கு நூறு வயது. விடுமுறை.

ஆறும் 34-ஆம் எண் நெடுஞ்சாலையும் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. ஓரத்தில் விடுதிகள், குடில்கள், கூடாரங்கள், டிரெய்லர் வண்டிகள். மீன் பிடிக்க வந்தவர்கள். அடுப்பு மூட்டியவர்கள்.

மேற்குப் பக்கம் எஸ்டஸ் பார்க் ஊருக்கு அருகே ஓர் இடிமேகம் நிற்கிறது. மேல்காற்றில் அதைத் தள்ள வலுவில்லை. நகராமல் ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் ஏழரை அங்குலம் வரை. சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குலம். கேன்யனின் கீழ்ப்பகுதியில் மழை சொற்பம்.

போலீஸ்காரர்கள் கதவு கதவாகத் தட்டுகிறார்கள். எழுந்து வந்தவர்களில் சிலர் வானத்தைப் பார்க்கிறார்கள். மழையே இல்லை. நம்பாமல் உள்ளே போகிறார்கள்.

மாநிலக் காவல்படை சார்ஜென்ட் ஹ்யூ பர்டி கீழிருந்து மேல் நோக்கி வண்டி ஓட்டுகிறார். எதிரே தண்ணீர். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவருடைய கடைசி வார்த்தைகள் ரேடியோவில் வருகின்றன. வண்டி சிக்கிக்கொண்டது, கீழே தாழ்வான இடங்களில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். எஸ்டஸ் பார்க் காவலர் மிஷெல் கான்லியும் அதே இரவில், அதே வேலையில் இறக்கிறார்.

கேன்யன் வாயில் விநாடிக்கு 31,200 கன அடி. 418 வீடுகள். 52 கடைகள், தொழிலகங்கள். 144 உயிர்கள். வானிலை அலுவலகத்தின் எச்சரிக்கை வெள்ளத்துக்குப் பின்னால் வந்து சேர்கிறது.

ஆய்வுக்குழு வருகிறது. ரேடார் எதிரொலிகள், தொலைபேசிப் பதிவுகள், யார் யாருக்கு எப்போது சொன்னார்கள் என்ற பட்டியல்.

இன்னொருவரும் வருகிறார். கொலராடோ பல்கலைக்கழக மாணவி ஈவ் கிரன்ட்ஃபெஸ்ட். பிழைத்தவர்களைத் தேடிப் போகிறார். செத்தவர்கள் கடைசியாக எங்கே இருந்தார்கள் என்று கேட்கிறார். யார் சொல்லித் தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தீர்கள். வண்டியை எடுத்தீர்களா. மேலே ஏறினீர்களா.

1977-இல் அவருடைய முடிவு வெளியாகிறது. பாறைச் சரிவில் சில அடிகள் ஏறியவர்கள் பிழைத்திருக்கிறார்கள். வண்டியில் ஏறி, சாலைவழியே வெள்ளத்தை முந்த நினைத்தவர்களில் பலர் இறந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கொலராடோ மலைச்சாலைகளில் ஒரு பலகை முளைக்கிறது. திடீர் வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள். வாசிக்க ஒரு நொடி. மின்சாரம் வேண்டாம், கோபுரம் வேண்டாம், பலகோணம் வேண்டாம். ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் இதைவிடக் கைமேல் பலன் தந்தது குறைவு.

*

கீஹோலில் அந்தப் பலகைக்கு வேலை இல்லை. ஏறச் சரிவு இல்லை. அங்கே ஆள் இறங்குவதற்கு முன் எச்சரிக்கை வர வேண்டும், அல்லது வந்ததாகவே கணக்கில் சேராது.

அரிசோனாவில் அன்டிலோப் கேன்யன் அதைத் தெரிந்துகொண்ட நாள் 1997 ஆகஸ்ட் 12. நவஹோ பழங்குடி மக்களின் நிலம் அது. அன்று கீழ்க் கேன்யனுக்குள் பன்னிரண்டு பேர். பிரான்ஸ், பிரிட்டன், ஸ்வீடன், அமெரிக்கா எனப் பல நாட்டவர். மழை பல மைல் தள்ளிப் பெய்கிறது. கேன்யன் வாசலில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. தண்ணீர் வருகிறது. மர ஏணிகள் பிய்த்துக்கொண்டு போகின்றன. பதினோரு பேர் இறக்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைக்கிறார்.

இப்போது அங்கே இரும்பு ஏணிகள் பாறையில் முடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே வலைகள். வாசலில் வானிலை வானொலி. நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. வழிகாட்டி முன்னால் நடக்கிறார். பயணிகள் கைபேசியை உயர்த்தி, வளைந்த சுவர்களில் விழும் வெளிச்சத்தைப் படம் பிடிக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் போகாதே என்றால் அன்று யாரும் இறங்குவதில்லை. முடிவு பயணியின் கையில் இல்லை.

ஸயானில் முடிவு பயணியின் கையில் இருக்கிறது. எச்சரிக்கை அமலில் இருக்கும்போது சீட்டு தருவதில்லை. எச்சரிக்கைக்கு முன் சீட்டு வாங்கியவரிடம் தெளிவான வானமும், விடுப்பு போட்டு வந்த நாளும், தூரத்திலிருந்து ஓட்டிவந்த வண்டியும் இருக்கின்றன. மூன்றாம் படி என்பது தாளில் இருக்கிறது.

*

பெரிய அழிவுக்குப் பின் வானிலைத் துறை தனிக் குழு அனுப்புவதுண்டு. அது ஊருக்குள் போகிறது. மக்களைக் கேட்கிறது. மற்ற நாள்களில் மூன்று பத்திகளும் நிமிடக் கணக்கும்தான்.

2015 செப்டம்பர் 14-க்கு எச்சரிக்கை இருந்தது. வெள்ளம் வந்தது. அவகாசமும் இருந்தது. கீஹோலிலும் ஹில்டேலிலும் சேர்த்து இருபது பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கை யாரை எட்டியது, எட்டியவர் என்ன செய்தார் என்று எழுத அந்த அட்டவணையில் பத்தி கிடையாது. அந்தப் பத்தி வேண்டும். ஆள் இறந்த வெள்ளத்துக்கு மட்டும் போதாது. எல்லோரும் வீடு திரும்பிய வெள்ளத்துக்கும் அதை நிரப்ப வேண்டும்.